பஸ் பயண ஆங்கிலம்: ‘இன் த பஸ்’ஸா, ‘ஆன் த பஸ்’ஸா?

சன்னலோரம்:
பஸ்ஸைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது சர்வசாதாரணமாகக் காதில் விழும் ஏழு வாக்கியங்களைக் கீழே போட்டிருக்கிறேன். எது சரி, எது தப்பு? தப்பென்றால் ஏன் என்று காரணத்தோடு சொன்னால் நல்லது. வெறும் விதி மறந்துபோகும்.

1. ஐ ஆம் இன் த பஸ்.
2. ஐ வில் கெட் டவுன் அட் த நெக்ஸ்ட் ஸ்டாப்பிங்.
3. ஐ லெஃப்ட் த பஸ், சோ ஐ வில் பி லேட்.
4. ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் ட்வென்டி மினிட்ஸ்.
5. டென் மினிட்ஸ் ஒன்ஸ் பஸ் இஸ் தேர்.
6. த பஸ் காட் ரிப்பேர்ட் ஆன் த வே.
7. ஐ கேம் பை ட்வெல்வ் நம்பர் பஸ்.

மட்டுறுத்துநர்:
ஆங்கில வாக்கியங்களைச் சன்னலோரம் போட்டிருக்கிற மாதிரியே தமிழ் எழுத்தில் எழுதவும், உச்சரிப்பும் கூடவே தெரியும். இந்த இழையில் ஒரு குழப்பம் வர வாய்ப்புண்டு என்பதால் முன்கூட்டியே: ஒரு எஃப் உள்ள சொல்லை ‘ஆவ்’ என்றும், இரண்டு எஃப் உள்ளதை ‘ஆஃப்’ என்றும் எழுதுங்கள்.

பெயரெச்சம்:
ஏழில் ஒன்று கூட அப்படியே தேறாது. ஆனால் ஏழும் ஒரே அளவு தப்பும் இல்லை. மூன்றும் ஆறும்தான் ஆபத்து, ஏனென்றால் அவை நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிரான பொருளைத் தரும். மற்றவை காதுக்கு உறுத்தும், அவ்வளவுதான்.

முதலில் இன், ஆன் விவகாரம். எழுந்து நின்று நடமாட இடமுள்ள, பலரை ஏற்றிக்கொண்டு தடத்தில் ஓடுகிற வண்டிக்கு ‘ஆன்’: பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து நுழைந்து உட்கார்ந்த இடத்திலேயே இருக்கவேண்டிய வண்டிக்கு ‘இன்’: கார், டாக்சி, வேன், லாரி. சைக்கிள், மோட்டார் பைக், குதிரை மூன்றுக்கும் ‘ஆன்’, காரணம் வேறு. அவற்றின் மேல் காலைப் போட்டு உட்காருகிறோம். படகு சின்னதென்றால் ‘இன்’, பெரிதென்றால் ‘ஆன்’.

இந்த முன்னிடைச் சொல்தான் வினையையும் முடிவு செய்கிறது. ‘ஆன்’ வண்டி என்றால் ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’. ‘இன்’ வண்டி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆவ்’. ஜோடியைப் பிரிக்காதீர்கள். “கெட் ஆஃப் த கார்” என்றால் காரின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பவனைக் கீழே இறங்கச் சொல்வது.

இரட்டைமாடி:
பெயரெச்சம் சொன்னது சரி, ஆனால் “இன் த பஸ்” என்பதை முழுத் தப்பு என்று யாரும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம். பஸ்ஸை ஒரு அறை மாதிரி, நாலு சுவருக்குள் உள்ள இடமாகப் பார்க்கும்போது ‘இன்’ அல்லது ‘இன்சைட்’ இயல்பாக வரும். “இட் வாஸ் ஸ்டிஃப்லிங் இன் த பஸ்”, உள்ளே ஒரே புழுக்கம். ஓடாமல் கிடக்கும் பழைய பஸ்ஸில் பூனை குட்டி போட்டிருந்தால் அது “இன் அன் ஓல்ட் பஸ்”. பயணம் செய்கிறேன் என்ற பொருள் வந்தவுடன் ‘ஆன்’. ஆக, போனில் “எங்கே இருக்கே?” என்று கேட்டால் பதில் “ஐ ஆம் ஆன் த பஸ்”.

இதற்குப் பழைய சாட்சியும் உண்டு. சாதாரண, நியாயமான மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்று அளப்பதற்கு ஆங்கிலேயச் சட்டத்தில் “த மேன் ஆன் த க்ளாப்பம் ஆம்னிபஸ்” என்று ஒரு கற்பனை ஆளை வைத்திருக்கிறார்கள். க்ளாப்பம் லண்டனில் ஒரு பகுதி, ‘ஆம்னிபஸ்’ பஸ்ஸின் பழைய முழுப்பெயர். 1903-இல் ஒரு தீர்ப்பில் வந்து நிலைத்த தொடர். அங்கேயும் ‘ஆன்’தான்.

கடைசிப்படி:
அந்தக் காலத்துல ஆம்னிபஸ் கூரை மேல உட்கார்ந்து போனாங்க, அதனாலதான் ‘ஆன்’ வந்துச்சுன்னு ஒரு விளக்கம் சொல்வாங்களே, அது சரியா?

பெயரெச்சம்:
கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அதை வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது. விமானத்தின் கூரை மேல் யாரும் உட்காரவில்லை, அதற்கும் ‘ஆன்’தானே. கப்பலுக்கு ‘ஆன் போர்டு’ என்பது பஸ்ஸெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த வழக்கு. நினைவில் வைக்க வேண்டுமானால் ‘நிற்கலாம், நடக்கலாம் என்றால் ஆன்’ என்பதே போதும்.

சன்னலோரம்:
நன்றி. அப்போ “ஐ கோ பை பஸ்” எங்கே வரும்? அதுவும் ‘ஆன் பஸ்’ ஆகுமா?

பெயரெச்சம்:
‘பை’ எதில் போகிறோம் என்ற வகையை மட்டும் சொல்லும். அதனால் அதற்குப் பின்னால் வரும் பெயர் மொட்டையாக நிற்கவேண்டும். ‘எ’ கூடாது, ‘த’ கூடாது, ‘மை’ கூடாது, பன்மையும் கூடாது. “பை பஸ்” சரி. “பை த பஸ்”, “பை மை பஸ்”, “பை பஸஸ்” மூன்றும் இல்லை. எந்த பஸ் என்று குறித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் ‘பை’யை விட்டுவிட்டு ‘ஆன்’ போடுங்கள்: “ஆன் எ பஸ்”, “ஆன் த லாஸ்ட் பஸ்”, “ஆன் த ஸ்கூல் பஸ்”.

உங்கள் ஏழாவது வாக்கியம் அடிபடுவது இங்கேதான். எண்ணும் இடம் மாறியிருக்கிறது. தமிழில் ‘பன்னிரண்டாம் நம்பர் பஸ்’, எண் முன்னே, ‘நம்பர்’ பின்னே. ஆங்கிலத்தில் ‘நம்பர்’ முன்னே, எண் பின்னே: “ஐ கேம் ஆன் த நம்பர் ட்வெல்வ்”. தினமும் போகிறவர்கள் இன்னும் சுருக்கி “ஐ டுக் த ட்வெல்வ்” என்பார்கள். அந்த ‘த’ மட்டும் போகக்கூடாது. “ஐ டுக் ட்வெல்வ்” என்றால் பன்னிரண்டு எதையோ எடுத்துக்கொண்டீர்கள்.

பஸ்ஸில் போகாமல் நடந்து போனால் “ஆன் ஃபுட்”. “பை வாக்” என்று ஒன்று கிடையாது. பை பஸ், பை ட்ரெயின் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து அந்த வேகத்தில் வாய் தவறுவதுதான்.

ஒற்றெழுத்து:
ஒரு சின்ன இடைச்செருகல். “ஐ கேம் பை த ஃபைவ் தர்ட்டி பஸ்” என்று பழைய பிரிட்டிஷ் நடையில் பார்க்கலாம். நேரம் சொல்லிக் குறிப்பிட்ட வண்டியைச் சுட்டும்போது ‘பை த’ வருவது அங்கே உண்டு. ‘பை’க்குப் பின் ‘த’ வரவே வராது என்று சொல்ல முடியாது.

பெயரெச்சம்:
ஒத்துக்கொள்கிறேன். இன்று புதிதாக எழுதுபவர் “ஆன் த ஃபைவ் தர்ட்டி பஸ்” என்று எழுதினால் எங்கேயும் யாரும் திருத்த மாட்டார்கள். அதுதான் பத்திரம்.

கடைசிப்படி:
‘கெட் டவுன்’ல என்ன தப்பு இருக்கு? ஆயிரக்கணக்கான பேர் தினமும் “ஐ வில் கெட் டவுன் ஹியர்”னுதான் சொல்றாங்க. கண்டக்டருக்குப் புரியுது, நிறுத்துறாரு. புரிஞ்சுட்டா அது மொழிதானே?

இரட்டைமாடி:
நம்ம ஊர் ஆங்கிலத்தில் அது வழக்கு என்பதை யாரும் மறுக்கவில்லை. தங்களுக்குள் பேசிக்கொள்ள அது போதும். சிக்கல் வெளியாள் காதில் விழும்போது வருகிறது. ‘கெட் டவுன்’ என்றால் ஏணி, மரம், குதிரை, சுவர் மாதிரி உயரமான இடத்திலிருந்து கீழே வருவது. “கெட் டவுன்!” என்று கத்தினால் அதன் பொருள் குனி, தரையோடு படு. பஸ்ஸுக்குள் யாராவது அப்படிக் கத்தினால் இறங்க எழுந்திருக்காதீர்கள், சீட்டுக்கு அடியில் போய்விடுங்கள்.

இந்தத் தப்பின் வேர் ‘இறங்கு’ என்ற ஒரே வினை. மரத்தை விட்டு இறங்கு, பஸ்ஸை விட்டு இறங்கு, விலை இறங்கியது, காரம் இறங்கியது, எல்லாம் தமிழுக்கு ஒன்றுதான். ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் தனி வினை வைத்திருக்கிறது. ‘ஏறு’வும் அப்படியே. “ஐ க்ளைம்ட் த பஸ்” என்றால் ஏணி வழியாகப் பஸ்ஸின் கூரைக்குப் போனீர்கள் என்று அர்த்தம்.

ஒற்றெழுத்து:
அறிவிப்புகளில் வரும் சொற்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘போர்டு’ என்றால் ஏறுவது, ‘அலைட்’ என்றால் இறங்குவது. இரண்டும் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் வாழும் சொற்கள், பேச்சில் விறைப்பாக இருக்கும். “போர்டு த பஸ்” என்று நேராகச் செயப்படுபொருள் எடுக்கும். “போர்டு இன்டு த பஸ்” தப்பு. ‘அலைட்’டுக்கு மாறாக ‘ஃப்ரம்’ வேண்டும்: “அலைட் ஃப்ரம் த பஸ்”.

‘கெட் ஆஃப்’புக்கு ‘ஃப்ரம்’ வேண்டாம். “கெட் ஆஃப் ஃப்ரம் த பஸ்” நிறையக் கேட்கிறது. ‘ஆஃப்’பிலேயே ‘விட்டு’ என்ற பொருள் இருக்கிறது.

இன்னொன்று. ‘புட் ஆன்’, ‘டேக் ஆஃப்’ மாதிரி நடுவில் ‘இட்’டை நுழைக்கலாம் என்று நினைத்து “த பஸ் கேம் அண்ட் ஐ காட் இட் ஆன்” என்று எழுதுகிறார்கள். கூடாது. இங்கே ‘ஆன்’ பஸ்ஸோடு ஒட்டியது. “ஐ காட் ஆன் இட்”, அல்லது வெறும் “ஐ காட் ஆன்”. ‘காட் இட் ஆன்’ கொச்சையில் வேறு எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும், விளக்கம் கேட்காதீர்கள்.

சன்னலோரம்:
மூணாவதும் ஆறாவதும் ஆபத்துன்னு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க.

பெயரெச்சம்:
மூன்றாவது: தமிழில் “பஸ்ஸை விட்டுட்டேன்”. ‘விடு’வுக்கு அகராதியில் முதலில் கிடைப்பது ‘லீவ்’. ஆனால் “ஐ லெஃப்ட் த பஸ்” என்றால் பஸ்ஸுக்குள் இருந்தேன், இறங்கி வந்துவிட்டேன் என்று பொருள். உங்களுக்குப் பஸ்ஸே கிடைக்கவில்லை, கேட்பவரோ நீங்கள் பயணத்தையே முடித்துவிட்டதாக நினைப்பார். வேண்டிய வினை ‘மிஸ்’: “ஐ மிஸ்ட் த பஸ்”. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டாலும் அதே வினைதான், “ஐ மிஸ்ட் மை ஸ்டாப்”.

‘லெஃப்ட்’டுக்கு உண்மையான வேலை வேறு இடத்தில். பையைப் பஸ்ஸிலேயே மறந்து வைத்துவிட்டால் “ஐ லெஃப்ட் மை பேக் ஆன் த பஸ்”. இங்கே ‘ஃபர்காட்’ போட்டு “ஐ ஃபர்காட் மை பேக் ஆன் த பஸ்” என்கிறார்கள். எங்கே என்று இடம் சொன்னால் ‘லெஃப்ட்’, இடம் சொல்லாவிட்டால் “ஐ ஃபர்காட் மை பேக்” என்று நிறுத்தலாம்.

ஆறாவது: “பஸ் ரிப்பேர் ஆயிடுச்சு”. தமிழில் ‘ரிப்பேர்’ என்றால் கெட்டுப்போவது. ஆங்கிலத்தில் ‘ரிப்பேர்’ என்றால் கெட்டதைச் சரிசெய்வது. “த பஸ் காட் ரிப்பேர்ட்” என்று சொன்னால் எதிரில் இருப்பவர் “ஓ, குட்!” என்பார். சரியானது “த பஸ் ப்ரோக் டவுன்”. இன்னும் வழியில் நின்றுகொண்டுதான் இருக்கிறது என்றால் “த பஸ் ஹாஸ் ப்ரோக்கன் டவுன்”. எழுதும்போது வினை இரண்டு சொல், பெயர் ஒரே சொல்: “தேர் வாஸ் எ ப்ரேக்டவுன்”.

இரவல் வாங்கிய சொல் தமிழுக்கு வந்து பொருள் மாறிவிட்டால், திரும்பக் கொண்டுபோகும்போது இந்த மாதிரிதான் ஆகும். ‘ஸ்டாப்பிங்’கும் அந்த இனம். ஆங்கிலத்தில் அது நிறுத்துகிற செயல், இடம் அல்ல. இடத்துக்கு ‘ஸ்டாப்’. ‘ட்ராவல்ஸ்’ என்பதும் அங்கே பஸ் கம்பெனி அல்ல.

ஒற்றெழுத்து:
‘ஸ்டாப்’ வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். “த பஸ் ஸ்டாப்ட் டு பிக் அப் பாஸெஞ்சர்ஸ்” என்றால் ஆள் ஏற்றுவதற்காக நின்றது. “த பஸ் ஸ்டாப்ட் பிக்கிங் அப் பாஸெஞ்சர்ஸ்” என்றால் ஆள் ஏற்றுவதையே நிறுத்திவிட்டது. சேவை பற்றிப் புகார் எழுதும்போது இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் புகார் பாராட்டாகிவிடும்.

கடைசிப்படி:
நாலாவதுக்கு நான் முயற்சி பண்றேன். ‘சின்ஸ்’க்குப் பதிலா ‘ஃபார்’. “ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் ட்வென்டி மினிட்ஸ்”. சரியா?

பெயரெச்சம்:
பாதி. ‘ஃபார்’ சரி, காலம் இன்னும் சரியில்லை. “ஐ ஹாவ் பீன் வெயிட்டிங் ஃபார் ட்வென்டி மினிட்ஸ்”.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஃபார்’, ‘சின்ஸ்’ வேறுபாடு தமிழில் ஏற்கெனவே சுத்தமாக இருக்கிறது. “இருபது நிமிஷமா காத்திருக்கேன்” என்பதில் வரும் ‘ஆ’தான் ‘ஃபார்’. “எட்டு மணியிலிருந்து காத்திருக்கேன்” என்பதில் வரும் ‘இலிருந்து’தான் ‘சின்ஸ்’. யாரும் “இருபது நிமிஷத்திலிருந்து காத்திருக்கேன்” என்று பேசுவதில்லையே. வாக்கியத்தை மனதில் தமிழில் சொல்லிப் பாருங்கள், ‘ஆ’ வந்தால் ‘ஃபார்’ போடுங்கள். காலத்தில்தான் தமிழ் கைகொடுக்காது, ஏனென்றால் “காத்திருக்கேன்” என்று ஒரே வடிவத்திலேயே நாம் முடித்துவிடுகிறோம். தொடங்கிய நேரத்தையோ கழிந்த நேரத்தையோ சொன்னால் ‘ஹாவ் பீன்’, சொல்லாவிட்டால் ‘ஆம்’. “ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் த பஸ்” சரியானது, அங்கே ‘ஃபார்’ நேரத்துக்கு அல்ல, பஸ்ஸுக்கு. அந்த ‘ஃபார்’ விழுந்தாலும் தப்பு: “வெயிட்டிங் த பஸ்” கிடையாது.

ஐந்தாவது “பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்” என்பதன் நேர் நகல். “தேர் இஸ் எ பஸ் எவ்ரி டென் மினிட்ஸ்”. ‘எவ்ரி’க்குப் பின் ஒருமைதானே என்று ‘மினிட்’ ஆக்கிவிடாதீர்கள். இங்கே பத்து நிமிடம் முழுவதும் ஒரே துண்டு. “ஃபார் எவ்ரி டென் மினிட்ஸ்” என்று முன்னால் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

வழித்தடம்:
கண்டக்டரிடமோ டிரைவரிடமோ கேட்கும் கேள்விகளுக்கு வாருங்கள். அங்கேதான் நாக்கு தடுமாறும். “இஸ் திஸ் பஸ் கோ டு த ஏர்போர்ட்?” என்பது எங்கும் கேட்கிறது.

இரட்டைமாடி:
“டஸ் திஸ் பஸ் கோ டு த ஏர்போர்ட்?” ‘கோ’ என்ற வினை இருக்கும்போது ‘இஸ்’ வராது. ‘இஸ்’ போட்டே ஆகவேண்டும் என்றால் வினையை எடுத்துவிடுங்கள்: “இஸ் திஸ் த பஸ் ஃபார் த ஏர்போர்ட்?” இரண்டுமே நல்ல கேள்விகள்.

‘விச்’ வந்தால் இரண்டு வழி. பஸ்ஸே எழுவாய் என்றால் ‘டஸ்’ தேவையில்லை: “விச் பஸ் கோஸ் டு த ஏர்போர்ட்?” நான் எழுவாய் என்றால் ‘டு’ வரும்: “விச் பஸ் டு ஐ டேக் ஃபார் த ஏர்போர்ட்?”

நேரம் கேட்பது: “வாட் டைம் டஸ் த நெக்ஸ்ட் பஸ் லீவ்?” நாளைக்குக் கிளம்பும் பஸ்ஸாக இருந்தாலும் அட்டவணையில் உள்ளதைச் சொல்ல நிகழ்காலமே போதும். “த பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ”.

இப்போது சொல்லப்போவது ஒரு எழுத்துச் சுருக்கத்தில் பொருள் மாறும் இடம், கவனம்.

“குட் யூ டெல் மீ வென் வீ கெட் டு த ஹாஸ்பிட்டல்?”
“குட் யூ டெல் மீ வென் வீல் கெட் டு த ஹாஸ்பிட்டல்?”

முதலாவது: ஆஸ்பத்திரி வந்ததும் சொல்லுங்க. இரண்டாவது: ஆஸ்பத்திரி எப்போ வரும்னு சொல்லுங்க. இரண்டாவதில் ‘வீல்’ என்பது ‘வீ வில்’லின் சுருக்கம். அப்படிக் கேட்டால் டிரைவர் “இன் அபவுட் டென் மினிட்ஸ்” என்று பதில் சொல்லிவிட்டு, தன் கடமை முடிந்தது என்று உங்களை மறந்துவிடுவார். ஸ்டாப் தாண்டியபின் அவரைக் குறைசொல்லவும் முடியாது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். ‘வந்ததும்’ என்ற பொருளில் ‘வென்’ வந்தால் அதன் பின்னால் ‘வில்’ கூடாது என்ற இலக்கண விதி, நடைமுறையில் உங்களைச் சரியான இடத்தில் இறக்கிவிடுகிற விதி.

வழித்தடம்:
அருமை. அதோடு, தமிழில் ஸ்டாப் நம்மிடம் வருகிறது, ஆங்கிலத்தில் நாம் ஸ்டாப்புக்குப் போகிறோம். “ஹாஸ் மை ஸ்டாப் கம்?” என்று கேட்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். “இஸ் திஸ் மை ஸ்டாப்?” என்று கேட்டால் முடிந்தது.

இரட்டைமாடி:
ஆமாம். ஆனால் ‘கமிங் அப்’ மட்டும் விதிவிலக்கு. “மை ஸ்டாப் இஸ் கமிங் அப்” என்று அவர்களே சொல்வார்கள், நெருங்கிவிட்டது என்ற பொருளில்.

அடுத்த ஸ்டாப்புக்கு அடுத்தது: “நெக்ஸ்ட் டு நெக்ஸ்ட்” வேண்டாம். ‘நெக்ஸ்ட் டு’ என்றால் பக்கத்தில் என்று வேறு பொருள். “த ஸ்டாப் ஆஃப்டர் நெக்ஸ்ட்”, அல்லது ஸ்டாப்பை எண்ணிச் சொல்லிவிடுங்கள்: “இட்ஸ் டூ ஸ்டாப்ஸ் ஃப்ரம் ஹியர்”.

ஒற்றெழுத்து:
“டெல் மீ வேர் டு கெட் ஆஃப்” என்பது இலக்கணப்படி சரி, எங்கே இறங்கணும்னு சொல்லுங்க. ஆனால் “ஷீ டோல்ட் ஹிம் வேர் டு கெட் ஆஃப்” என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் பஸ்ஸுக்குச் சம்பந்தமில்லை. முகத்தில் அடித்தாற்போல் பேசி அவனை வாயடைத்தாள் என்று பொருள்.

சன்னலோரம்:
பஸ்ஸுக்குள்ள முன்னாடி, பின்னாடின்னு எப்படிச் சொல்றது? “ஐ வாஸ் ஸ்டாண்டிங் இன் ஃப்ரன்ட் ஆவ் த பஸ்” சரியா?

பெயரெச்சம்:
நீங்கள் ரோட்டில் பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றிருந்தால் சரி. உள்ளே முன்பக்கம் நின்றால் “அட் த ஃப்ரன்ட் ஆவ் த பஸ்”. கடைசி சீட்டில் இருந்தால் “அட் த பேக் ஆவ் த பஸ்”. “பிஹைண்ட் த பஸ்” என்றால் புகையைக் குடித்துக்கொண்டு வெளியே பின்னால் வருகிறீர்கள். தமிழில் ‘பஸ்ஸுக்கு முன்னாடி’, ‘பஸ்ஸில் முன்னாடி’ என்று வேற்றுமை உருபு இதைப் பிரித்துவிடுகிறது. ‘க்கு’ என்றால் ‘இன் ஃப்ரன்ட் ஆவ்’, ‘இல்’ என்றால் ‘அட் த ஃப்ரன்ட் ஆவ்’.

கடைசிப்படி:
சீட் கேக்குறது? “ப்ளீஸ் அட்ஜஸ்ட்”, “கிவ் சைட்” இதெல்லாம் போச்சா?

இரட்டைமாடி:
நம்மூரில் ஓடும், வெளியே ஓடாது. ‘அட்ஜஸ்ட்’ என்றால் அங்கே சீட்டின் சாய்வைத் திருகிச் சரிசெய்வது. தள்ளி உட்காரச் சொல்ல “குட் யூ மூவ் ஓவர் எ பிட், ப்ளீஸ்?” வழி கேட்க “எக்ஸ்க்யூஸ் மீ, குட் ஐ கெட் பாஸ்ட்?” கூட்டத்தில் இறங்கப் போகும்போது வெறுமனே “எக்ஸ்க்யூஸ் மீ, திஸ் இஸ் மை ஸ்டாப்” என்றாலே விலகுவார்கள்.

சீட் காலியா என்று கேட்க “இஸ் திஸ் சீட் டேக்கன்?” இதற்கு ‘நோ’ என்றால்தான் உட்காரலாம். “டு யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?” என்பதற்கும் ‘நோ’ என்றால்தான் சம்மதம், ஏனென்றால் கேள்வி ‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டா’ என்பது. மரியாதையாகச் சிரித்துக்கொண்டே “யெஸ், யெஸ்” என்று தலையாட்டினால் எதிராளி குழம்பி நிற்பார். “நாட் அட் ஆல்” என்று பழகிக்கொள்ளுங்கள்.

எழுந்து இடம் கொடுப்பது “கிவ் அப் யுவர் சீட்”. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் ஒரு பஸ்ஸில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் செய்ய மறுத்ததை ஆங்கிலத்தில் எழுதும்போது “ரெஃப்யூஸ்ட் டு கிவ் அப் ஹெர் சீட்” என்றுதான் எழுதுவார்கள். யாருக்கு என்று சொல்ல ‘டு’ சேருங்கள்: “ஹி கேவ் அப் ஹிஸ் சீட் டு அன் ஓல்ட் மேன்”.

வழித்தடம்:
நேரம், தூரம் பற்றிச் சுருக்கமாகச் சிலது.

“டூ அவர்ஸ் ஜர்னி” அல்ல, “எ டூ-அவர் ஜர்னி”. பெயருக்கு முன் அடையாக நிற்கும்போது ‘அவர்’ பன்மை ஆகாது. வாக்கியமாகச் சொன்னால் பன்மை திரும்பி வரும்: “இட் டேக்ஸ் டூ அவர்ஸ்”.

“ஹவ் வாஸ் யுவர் ட்ராவல்?” அல்ல, ‘ஜர்னி’ அல்லது ‘ட்ரிப்’. ‘ட்ராவல்’ எண்ண முடியாத பெயர், “எ லாங் ட்ராவல்” வராது. போகும் வழியைச் சொன்னால் ‘ஜர்னி’, போய்த் தங்கித் திரும்பியதையும் சேர்த்தால் ‘ட்ரிப்’, பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் சொன்னால் ‘ரைட்’.

“ரீச்ட் டு த ஸ்டேஷன்” அல்ல, “ரீச்ட் த ஸ்டேஷன்”. ‘அரைவ்’ என்றால் ஸ்டாப்புக்கு ‘அட்’, ஊருக்கு ‘இன்’.

‘ஆன் டைம்’ என்றால் குறித்த நேரத்துக்கு. ‘இன் டைம்’ என்றால் காரியம் கெடாத நேரத்துக்குள். “த பஸ் வாஸ் லேட், பட் ஐ காட் தேர் இன் டைம் ஃபார் த எக்ஸாம்”. ‘லேட்லி’ என்பது தாமதமாக அல்ல, சமீபகாலமாக.

ஒற்றெழுத்து:
நாடு மாறினால் சொல் மாறும். பிரிட்டனில் ஊர் விட்டு ஊர் போகும் பஸ் ‘கோச்’. அமெரிக்காவில் அதுவும் பஸ்தான், அங்கே விமானத்தில் மலிவு வகுப்புக்குத்தான் ‘கோச்’ என்று பெயர். ஒருவழி டிக்கெட் பிரிட்டனில் ‘சிங்கிள்’, அமெரிக்காவில் ‘ஒன்-வே’. போய்வர ‘ரிட்டர்ன்’, ‘ரவுண்ட்-ட்ரிப்’. கால அட்டவணை ‘டைம்டேபிள்’, ‘ஸ்கெட்யூல்’. பயணி அமெரிக்காவில் ‘ரைடர்’ ஆகவும் இருப்பார், “ரைட் த பஸ்” அங்கே சகஜம். கட்டணம் இரு இடத்திலும் ‘ஃபேர்’, ‘டிக்கெட் ரேட்’ அல்ல.

எழுத்துக்கூட்டல்: பஸ்ஸின் பன்மைக்கு நடுவில் ஒரே எஸ் போதும். இரண்டு எஸ் போட்ட வடிவமும் அகராதியில் உண்டு, ஆனால் இரட்டை எஸ் உள்ள ‘பஸ்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்கு முத்தம் என்று பொருள். நம்ம பஸ், ‘எல்லாருக்கும்’ என்ற பொருளுள்ள ‘ஆம்னிபஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வால். 1829-இல் ஜார்ஜ் ஷில்லிபியர் லண்டனில் குதிரை வண்டிச் சேவை தொடங்கியபோது முழுப்பெயர்தான் இருந்தது. பிறகு தலை போய், வேற்றுமை உருபு மட்டும் மிஞ்சியது. ஒரு உருபில் ஏறித்தான் இத்தனை பேரும் ஊர் போகிறோம்.

சன்னலோரம்:
எல்லாருக்கும் நன்றி. ஏழையும் திருத்தி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

1. ஐ ஆம் ஆன் த பஸ்.
2. ஐ வில் கெட் ஆஃப் ஃப்ரம் த பஸ் அட் த நெக்ஸ்ட் ஸ்டாப்.
3. ஐ மிஸ்ட் த பஸ், சோ ஐ வில் பி லேட்.
4. ஐ ஹாவ் பீன் வெயிட்டிங் ஃபார் ட்வென்டி மினிட்ஸ்.
5. தேர் இஸ் எ பஸ் எவ்ரி டென் மினிட்ஸ்.
6. த பஸ் ஹாஸ் ப்ரோக் டவுன் ஆன் த வே.
7. ஐ கேம் ஆன் த நம்பர் ட்வெல்வ்.

பெயரெச்சம்:
இரண்டாவதில் ‘ஃப்ரம்’ மறுபடி ஏறிக்கொண்டது, இறக்கிவிடுங்கள். “ஐ வில் கெட் ஆஃப் அட் த நெக்ஸ்ட் ஸ்டாப்” என்றால் போதும், பஸ்ஸில்தான் இருக்கிறீர்கள் என்பதால் ‘த பஸ்’ஸும் வேண்டாம். ஆறாவதில் ‘ஹாஸ்’ வைத்தால் ‘ப்ரோக்கன்’, ‘ஹாஸ்’ஸை எடுத்தால் ‘ப்ரோக்’. மற்ற ஐந்தும் சரி.